அக்கிலீஸ் எப்படி ஹீரோ ஆனான்? இலியட் வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு வருடமாக நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடி, ஹோமரின் இலியட்டை மொழிபெயர்ப்பில் சத்தமாக வாசித்துவருகிறோம். புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் அதே சந்தேகங்கள், ஏறக்குறைய அதே வரிசையில் வருகின்றன. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதிவைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். இலியட் 24 பகுதிகளாக இருக்கிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் நீண்ட படலம் அளவு என்பதால் 'படலம்' என்றே சொல்கிறேன். நான் பேராசிரியர் இல்லை, அகராதியும் கையுமாகத் தட்டுத்தடுமாறிக் கிரேக்கம் படிக்கும் ஆள்தான்.

இலியட்னா அந்த மரக்குதிரைக் கதைதானே?

இல்லை. இலியட்டில் குதிரை வராது, டிராய் நகரம் விழுவது வராது, அக்கிலீஸ் சாவதும் வராது. பத்து வருடப் போரின் கடைசி வருடத்தில் சுமார் 50 நாட்களில் நடப்பதுதான் மொத்தக் கதை, அதுவே 15,000 வரிகளுக்கு மேல் போகிறது. குதிரையைப் பற்றிக் கேட்க ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசிக்குப் போக வேண்டும். அங்கேயும் அதை முடிந்துபோன பழங்கதையாகத்தான் பாடுவார்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிரேக்கப் படையின் தலைமை அரசன் அகமெம்னான். போரில் பிடிபட்ட தன் மகளை மீட்க வந்த அப்போலோ கோயில் பூசாரியை அவன் விரட்டியடிக்க, அந்தத் தெய்வத்தின் கோபத்தால் படையில் ஒன்பது நாள் கொள்ளைநோய். வேறு வழியில்லாமல் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்புகிறவன், ஈடாக அக்கிலீஸுக்குப் பங்காகக் கொடுத்திருந்த பிரிசெயிஸ் என்ற பெண்ணைப் பிடுங்கிக்கொள்கிறான். அக்கிலீஸ் போரிலிருந்து விலகி உட்கார்ந்துவிடுகிறான், கிரேக்கர்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள். உயிர் நண்பன் பட்ரோக்ளஸ் அக்கிலீஸின் கவசத்தை மாட்டிக்கொண்டு போய், டிராய் இளவரசன் ஹெக்டர் கையில் சாகிறான். அக்கிலீஸ் திரும்பி வந்து ஹெக்டரைக் கொன்று, உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். ஹெக்டரின் அப்பா பிரியாம், மகன் உடலைக் கேட்டு எதிரியின் கூடாரத்துக்கே வருகிறார். அவ்வளவுதான் கதை.

'ஹீரோ'ங்கற வார்த்தையே அங்கேருந்து வந்ததுதானாமே? அப்போ அதுக்கு என்ன அர்த்தம்?

கிரேக்கத்தில் 'ஹேரோஸ்'. ஹோமர் இதை நற்சான்றிதழாகக் கொடுப்பதில்லை. போருக்கு வந்த வீரர்களை மொத்தமாகவே அப்படிக் கூப்பிடுவார். ஒடிசியில் கண் தெரியாத பாடகன் டெமோடோக்கஸுக்கும், விருந்தில் மது கலக்கும் ஓர் ஏவலாளுக்கும்கூட அந்தச் சொல் கிடைக்கிறது. 'நல்லவன்' என்பது அதில் எங்கேயும் இல்லை.

ஹோமருக்கு ஏறக்குறைய சமகாலத்துக் கவிஞரான ஹெசியட், மனித குலத்தை ஐந்து தலைமுறைகளாகப் பிரித்து, நான்காவதாக இந்த ஹீரோக்களை வைக்கிறார். தீப்ஸிலும் டிராயிலும் சண்டை போட்டு அழிந்துபோனவர்கள். ஐந்தாவது நாம், இரும்பு மனிதர்கள். அப்புறம் கிரேக்க ஊர்களில் இறந்த வீரனின் சமாதி என்று நம்பப்பட்ட இடங்களில் படையலும் பலியும் நடந்தன. ஸ்பார்ட்டாவுக்குப் பக்கத்தில், டிராய்ப் போருக்குக் காரணமான ஹெலனுக்கும் அவள் கணவன் மெனலேயஸுக்கும் அப்படியொரு கோயில் இருந்தது. நம்மூர்க் காவல் தெய்வங்களில் பாதிப்பேர் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் என்பதை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். ஆக, அந்த வழக்கில் ஹீரோ என்றால் செத்தவன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சண்டைக்கே போகாம கூடாரத்துல உட்கார்ந்திருக்கான். இவன் எப்படிங்க ஹீரோ?

இதுதான் முதல் வாரமே வரும் கேள்வி. கோபமாகவே கேட்பார்கள்.

இலியட்டின் முதல் சொல்லே 'மேனிஸ்', அதாவது கடுங்கோபம். ஹோமரில் இந்தச் சொல் பெரும்பாலும் தெய்வங்களின் கோபத்துக்குத்தான் வரும். தன் காவியத் தலைவன் செய்யப்போவது என்ன, அதனால் எத்தனை நண்பர்கள் நாய்க்கும் பறவைக்கும் இரையாகப் போகிறார்கள் என்பதைக் கவிஞர் முதல் சில வரிகளிலேயே சொல்லிவிடுகிறார். அதாவது அக்கிலீஸின் தவறு நாம் துருவிக் கண்டுபிடித்த ரகசியம் இல்லை, அதைப் பாடத்தான் பாட்டே தொடங்குகிறது.

அவன் ஹீரோவாக இருப்பது, எல்லோரையும் விடச் சிறந்த போர்வீரன் என்பதால். அவன் விலகியதும் படை சரிந்தது என்பதே அதற்குச் சாட்சி. இல்லாமல் இருப்பதாலேயே ஓர் ஆளின் எடையைக் காட்டும் வித்தை இது. அவன் இரண்டாம் படலத்திலிருந்து எட்டாம் படலம் வரைக்கும் அநேகமாகக் கண்ணிலேயே படமாட்டான், ஆனால் எல்லாமே அவனைப் பற்றித்தான் நடந்துகொண்டிருக்கும்.

ஒரு பொண்ணைப் பிடுங்கிட்டான்னு இத்தனை பேரைச் சாக விடுவானா?

பிரிசெயிஸ் அவனுக்குக் கிடைத்த 'கெராஸ்'. கொள்ளையில் எல்லோருக்கும் பங்கு போட்டபின், இன்னாருக்கு இது என்று படை தனியாக எடுத்துக் கொடுக்கும் மரியாதைப் பங்கு. கோயில் திருவிழாவில் முதல் மரியாதையை, பரிவட்டத்தை, கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் தலையிலிருந்து அவிழ்த்து இன்னொருவர் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். துணி இரண்டு முழம்தான். வெட்டுக்குத்தே நடந்துவிடும். அந்த மரியாதைக்குக் கிரேக்கத்தில் 'தீமே' என்று பெயர். ஒருவனுக்கு எவ்வளவு தீமே என்பதை அவன் மனசாட்சி தீர்மானிக்காது, ஊர் கண்முன்னால் அவனுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதுதான் தீர்மானிக்கும்.

பிரிசெயிஸ் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்பதில்லை, ஹோமரைத் தவிர. 19-ஆம் படலத்தில் பட்ரோக்ளஸின் பிணத்தின் மேல் விழுந்து அழும்போதுதான் அவள் வாய் திறக்கிறாள். அவளுடைய கணவனைக் கொன்றவன் அக்கிலீஸ், மூன்று சகோதரர்களும் அதே நாளில் செத்தார்கள், அழாதே என்று ஆறுதல் சொன்னது பட்ரோக்ளஸ் ஒருவன்தான் என்கிறாள். மற்ற பெண்கள் சேர்ந்து அழுதார்கள், பட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து அவரவர் துக்கத்துக்காக அழுதார்கள் என்று கவிஞர் ஒரு வரி சேர்க்கிறார். இழவு வீட்டுக்குப் போன யாருக்கும் இது புரியும்.

சரி, எதுக்காகத்தான் சண்டை போடறாங்க? நாட்டுக்காகவா?

ஹெக்டர் ஊருக்காக என்று சொல்லலாம். மற்றவர்களுக்கு நாடு என்று நாம் நினைக்கும் ஒன்று கண்ணில் இல்லை. இதற்கு நேரடியான பதில் 12-ஆம் படலத்தில், லிசியா நாட்டு அரசன் சார்பிடான் தன் தோழன் கிளாக்கஸிடம் பேசுவதில் இருக்கிறது. நம் ஊரில் நமக்கு ஏன் முதல் ஆசனம் போடுகிறார்கள், நல்ல கறியும் நிறைந்த கோப்பையும் ஏன் நமக்குக் கொடுக்கிறார்கள், ஆற்றங்கரையில் தோப்பும் வயலும் ஏன் விட்டிருக்கிறார்கள், நம்மைத் தெய்வம்போல் ஏன் பார்க்கிறார்கள்? அதனால்தான் இப்போது முன்வரிசையில் நிற்க வேண்டும். இதுதான் அவன் பேச்சின் முதல் பாதி. நம் மொழியில் இதற்கு அழகான சொல்லே இருக்கிறது: செஞ்சோற்றுக் கடன். ஆனால் திசை வேறு. கர்ணன் மன்னனின் சோற்றுக்குக் கடன்பட்டவன், சார்பிடானோ மன்னனாக இருந்து குடிகளின் சோற்றுக்குக் கடன்பட்டவன்.

இரண்டாம் பாதி இன்னும் விசேஷம். இந்தப் போரிலிருந்து தப்பினால் சாவும் மூப்பும் இல்லாமல் இருக்கலாம் என்றால் நானும் முன்னால் நிற்க மாட்டேன், உன்னையும் அனுப்ப மாட்டேன், ஆனால் எப்படியும் சாவு ஆயிரம் வடிவில் சூழ்ந்து நிற்கிறது, யாரும் தப்ப முடியாது, ஆகவே வா போவோம் என்கிறான். வீரம் பேசும்போது யாராவது இப்படிக் கணக்குப் பார்த்துப் பேசுவார்களா? என் கருத்தில் ஹோமரின் ஹீரோ என்றால் இவன்தான்: முன்பணம் வாங்கிவிட்டவன், அதை எப்படித் தீர்க்க வேண்டும் என்றும் தெரிந்தவன். நான்கு படலம் தாண்டி அந்தக் கடனைத் தீர்த்தும்விடுகிறான், பட்ரோக்ளஸின் ஈட்டியில்.

புகழ் புகழ்னு உயிரை விடறாங்களே, வெறும் விளம்பர ஆசைதானே?

கிரேக்கத்தில் 'க்ளெயோஸ்'. 'கேட்பது' என்ற வேரிலிருந்து வந்தது: உன்னைப் பற்றி மற்றவர்கள் காதில் விழுவது. சமஸ்கிருத 'ஸ்ரவஸ்' இதன் ஒன்றுவிட்ட சகோதரி. 'அழியாத புகழ்' என்ற தொடர் ஹோமரிலும் ரிக்வேதத்திலும் ஒரே வேர்களிலிருந்து வந்த சொற்களோடு இருப்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே மொழியியலாளர்கள் கவனித்துவிட்டார்கள்.

அக்கிலீஸுக்கு அம்மா தீட்டிஸ் சொன்ன இரண்டு விதிகள் உண்டு. இங்கேயே நின்று போரிட்டால் வீடு திரும்ப மாட்டாய், அழியாப் புகழ் உண்டு. ஊருக்குப் போனால் புகழ் கிடையாது, நீண்ட ஆயுள் உண்டு. மற்ற எல்லோருக்கும் சாவு ஒரு சாத்தியம், இவனுக்கு மட்டும் விலைச்சீட்டு ஒட்டி முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள். தெரிந்தே வாங்குகிறான். விளம்பர ஆசை என்று சொல்லலாம்தான், ஆனால் எந்த விளம்பரத்துக்கும் யாரும் இந்த விலை கொடுத்ததில்லை.

நம் நடுகல்லை வைத்து ஒரு வேடிக்கை சொல்கிறேன். 7-ஆம் படலத்தில் ஹெக்டர் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்குக் கூப்பிடும்போது, என்னிடம் செத்தவனுக்குக் கடலோரத்தில் சமாதி எழுப்புங்கள், பிற்காலத்தில் கப்பலில் போகிறவன் அதைப் பார்த்து 'ஹெக்டர் கொன்ற வீரனின் சமாதி' என்பான், என் புகழ் அழியாது என்கிறான். நடுகல்லில் நின்ற புகழ் செத்தவனுக்கு. இங்கே செத்தவன் பெயரே வரவில்லை, கல் அவனுடையது, புகழ் கொன்றவனுடையது!

அம்மா தேவதைன்னா இவனுக்குச் சாவே வராதே? குதிகால்ல மட்டும்தானே...

குதிகால் கதையும் இலியட்டில் இல்லை. குழந்தையை அம்மா ஸ்டிக்ஸ் என்ற பாதாள உலக ஆற்றில் முக்கியெடுத்தாள், பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லை என்பதெல்லாம் நமக்குக் கிடைப்பது கி.பி. முதலாம் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸ் காலத்தில். இலியட்டின் 21-ஆம் படலத்தில் அக்கிலீஸின் வலது முன்கையில் ஈட்டி உரசி ரத்தம் வருகிறது. சாதாரண தோல்தான்.

அம்மா கடல் தேவதை, அப்பா மனிதன், பிள்ளை சாகப் பிறந்தவன். சாகாதவனுக்கு வீரம் என்ற ஒன்றே இருக்க முடியாது. இலியட்டில் தெய்வங்கள் சண்டை போடும் காட்சிகள் பாதி நகைச்சுவையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். அடிபட்டால் அழுதுகொண்டே மேலே போய் அப்பாவிடம் முறையிடுவார்கள், மருந்து போட்டால் சரியாகிவிடும். யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. (சார்பிடான் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள்.)

சாமி வந்து உதவி பண்ணினா அதுல இவன் சாமர்த்தியம் என்ன இருக்கு?

நமக்குத்தான் இது கழித்தல் கணக்கு: தெய்வம் 80, மனிதன் 20. அவர்களுக்குக் கூட்டல் கணக்கு. அதீனா வந்து நிற்கிறாள் என்றால் அவன் நிற்கத் தகுந்தவன் என்று அர்த்தம், சொத்தையான ஆளிடம் அவள் வருவதில்லை. 5-ஆம் படலத்தில் டையோமிடீஸ் என்ற கிரேக்க வீரன் அவள் துணையோடு போர்க்கடவுள் ஏரிஸையே காயப்படுத்துகிறான். கேட்டவர்கள் அதனால் அவன் மதிப்பு குறைந்தது என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் 22-ஆம் படலத்தில் அதீனா ஹெக்டரின் தம்பி டெய்ஃபோபஸ் வேஷத்தில் வந்து 'நான் இருக்கிறேன் அண்ணா, நில்' என்று ஏமாற்றி அவனை நிறுத்துவது எனக்கும் உறுத்துகிறது. எத்தனை முறை படித்தாலும்.

'வேகக்கால் அக்கிலீஸ்'னு உட்கார்ந்திருக்கும்போதும் சொல்றாரே, ஏன்?

இவை வாய்மொழிப் பாடகர்கள் சந்தத்துக்குப் பொருத்திக்கொள்ளக் கைவசம் வைத்திருந்த அடைமொழிகள். 1930-களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் யூகோஸ்லாவியாவில் அப்போதும் பாடிக்கொண்டிருந்த கதைப்பாடகர்களைப் பதிவுசெய்து, இது எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார். அந்த வழியில் நம் சங்கப் பாடல்களை ஹோமரோடு வைத்துப் பார்த்து 'வீரயுகக் கவிதை' என்று விளக்கியவர் இலங்கை அறிஞர் க. கைலாசபதி, அவருடைய ஆங்கில நூல் 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தது. எல்லாரும் அவரை ஏற்றுக்கொண்டுவிடவில்லை, சண்டை இன்னும் நடக்கிறது.

நம்ம காப்பியத் தலைவன் மாதிரி ஒழுக்கமா ஒருத்தன்கூட இல்லையே?

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதி குழப்பம் தீரும். நம் இலக்கணத்தில் தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்குத் 'தன்னிகர் இல்லாத் தலைவன்' வேண்டும் என்கிறது, அறம் பொருள் இன்பம் வீடு நான்கும் வேண்டும் என்கிறது. தலைவன் என்பவன் பின்பற்றத் தக்கவன் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுப் பழகிய காதுக்கு இலியட் இடறத்தான் செய்யும். தன்னிகர் இல்லாதவன் என்ற ஒரு நிபந்தனையில் அக்கிலீஸ் முழு மதிப்பெண் வாங்குவான், மற்றதில் சுழி.

அப்போ ஹெக்டர்தானே உண்மையான ஹீரோ? எனக்கு அவனைத்தான் பிடிச்சிருக்கு.

எங்கள் குழுவில் பாதிப்பேர் ஹெக்டர் கட்சிதான். காரணம் 6-ஆம் படலம். போருக்கு நடுவில் ஊருக்குள் வருகிறான், மனைவி ஆண்ட்ரோமக்கி கோட்டை வாசலில் பிடித்துக்கொள்கிறாள். அவள் அப்பாவையும் ஏழு சகோதரர்களையும் அக்கிலீஸ் கொன்றுவிட்டான், அம்மாவும் இல்லை. எனக்கு அப்பா, அம்மா, அண்ணன், புருஷன் எல்லாம் நீதான், சுவருக்கு உள்ளேயே நின்று சண்டை போடு என்கிறாள். ஊர் என்ன சொல்லும் என்று வெட்கமாக இருக்கிறது, ஊர் ஒருநாள் அழியும் என்றும் தெரியும் என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கக் கையை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் உச்சியில் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்துக் குழந்தை அலறிக்கொண்டு ஆயாவின் நெஞ்சில் முகம் புதைக்கிறது. அப்பாவும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றிப் பளபளவென்று தரையில் வைத்துவிட்டு, பிள்ளையை வாங்கி முத்தம் கொடுத்துத் தூக்கிப் போட்டு ஆடுகிறான்.

அந்தச் சில வரிகளுக்குத்தான் அந்த வீட்டில் அவன் அப்பா. என்ன வேண்டிக்கொள்கிறான் பாருங்கள்: இவன் அப்பனை மிஞ்சினவன் என்று பேர் வாங்கட்டும், எதிரியைக் கொன்று ரத்தம் தோய்ந்த கவசத்தைக் கொண்டுவரட்டும், அம்மா மனம் குளிரட்டும். கவசத்தைக் கழற்றிய அதே கணத்தில் பிள்ளைக்கும் ஒன்றை மாட்டிவிடுகிறான். நல்லவன்தான், ஆனால் அக்கிலீஸ் நிற்கும் அதே கடனில்தான் இவனும் நிற்கிறான். அவனைப் புனிதராக்கிவிட வேண்டாம்: 17-ஆம் படலத்தில் பட்ரோக்ளஸின் தலையை வெட்டவும் உடலை நாய்க்குப் போடவும் எண்ணி இழுத்தவனும் இவன்தான்.

ஆனா கடைசியில ஹெக்டர் ஓடினானே? ஓடினவன் வீரனா?

ஓடினான், அக்கிலீஸ் துரத்த, கோட்டையை மூன்று சுற்று. டிராய்ப் பெண்கள் சமாதான காலத்தில் துணி துவைத்த கல் தொட்டிகளைத் தாண்டி ஓடுகிறார்கள் என்று ஹோமர் நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறார். பந்தயத்துக்கு ஓடவில்லை, ஹெக்டரின் உயிருக்காக ஓடினார்கள் என்கிறார்.

அதற்கு முன்னால் சுவருக்கு மேலே நின்று அப்பாவும் அம்மாவும் உள்ளே வா என்று கெஞ்சியும் அவன் வராததற்குக் காரணம், முந்தின இரவு படையை ஊருக்குள் கூட்டிப்போகச் சொன்ன நண்பனின் யோசனையைத் தட்டிவிட்டுப் பெரும் சேதத்தை வரவழைத்திருந்தான், இப்போது எந்த முகத்தோடு உள்ளே போவது என்பதுதான். வெட்கம் வெளியே நிறுத்தியது, பயம் ஓடவைத்தது. இரண்டும் இல்லாதவன் வீரன் என்று ஹோமர் எங்குமே சொல்லவில்லை. தம்பி வேஷத்தில் வந்தது அதீனா என்று புரிந்த பிறகு, ஒன்றும் செய்யாமல் சாக மாட்டேன், வருகிற தலைமுறை கேட்கும்படி ஏதாவது செய்துவிட்டுச் சாகிறேன் என்று வாளை உருவிக்கொண்டு பாய்கிறான். மேலே க்ளெயோஸ் பற்றிச் சொன்னதை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ராஜா, ராஜா மகன். சாதாரண சிப்பாய்க்கு இடமே இல்லையா?

பேசுகிற சாதாரண ஆள் ஒருவன் வருகிறான், 2-ஆம் படலத்தில், தெர்சைட்டீஸ். வளைந்த கால், கூனல் தோள், கூர்மண்டை, அதில் நாலு மயிர். அகமெம்னானைப் பார்த்து உனக்குப் போதாதா, எங்களை வீட்டுக்கு விடு என்கிறான். முதல் படலத்தில் அக்கிலீஸ் சொன்னதில் முக்கால்வாசி இதுதான். அக்கிலீஸ் சொன்னபோது அதீனாவே வந்து சமாதானம் பேசினாள். தெர்சைட்டீஸுக்கு, கிரேக்க அரசர்களில் ஒருவனான ஒடிசியஸ் செங்கோலால் முதுகில் ஒன்று வைக்கிறான், தடித்து ரத்தம் கட்டுகிறது, அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார, எல்லோரும் சிரிக்கிறார்கள். யார் பேசினார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹோமரே இந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் சாகும்போது மட்டும் கணக்கு மாறும். இலியட்டில் 200-க்கும் மேற்பட்டவர்கள் பெயரோடு சாகிறார்கள். சிமோயிசியஸ் என்று ஒரு பையன். அம்மா ஆடு பார்க்கப் போன இடத்தில் சிமோயிஸ் ஆற்றங்கரையில் பிறந்ததால் அந்தப் பெயர். கல்யாணம் ஆகாதவன். கிரேக்க வீரன் அஜாக்ஸின் ஈட்டி பட்டு, தேர்ச் சக்கரம் செய்ய வெட்டிப்போட்ட நெட்டிலிங்கம் மாதிரியான ஒரு மரமாக விழுகிறான். அவன் மொத்தக் கதையும் இருபது வரிகூட இல்லை, நான் மறக்கவில்லை.

பொம்பளைங்க ஹீரோ ஆக முடியாதா?

போர்க்களத்தில் இல்லை. ஆனால் புகழ் உண்டு. ஒடிசியின் கடைசிப் படலத்தில், 20 வருடம் காத்திருந்து தன்னைக் கட்டிக்கொள்ள வந்த 108 மாப்பிள்ளைகளைச் சமாளித்த ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியின் க்ளெயோஸ் அழியாது என்று சொல்வது யார் தெரியுமா? மனைவி கையால் செத்த அகமெம்னானின் ஆவி! இன்னொன்று, இலியட்டில் ஹெலன் முதலில் தோன்றும்போது தறியில் இந்தப் போரையே நெய்துகொண்டிருக்கிறாள். பிற்கால மனிதர்கள் நம்மைப் பாடுவதற்காகவே தெய்வங்களின் அரசன் ஸூஸ் நமக்கு இந்தக் கேடுகெட்ட விதியைக் கொடுத்தான் என்று ஹெக்டரிடம் சொல்வதும் அவள்தான். தாங்கள் ஒரு பாட்டுக்குள் இருக்கிறோம் என்று அந்தக் காவியத்தில் சந்தேகப்பட்டவள் அவள்.

ஒடிசியஸ் வாயைத் திறந்தா பொய். அவனும் ஹீரோ லிஸ்ட்டா?

உண்டு, ஆனால் வேறு ரகம். ஒடிசியின் முதல் சொல் 'மனிதன்', இலியட்டின் முதல் சொல் 'கோபம்'. அதிலேயே வித்தியாசம் தெரிகிறது. இவன் வேலை செத்துப் பேர் வாங்குவது இல்லை, உயிரோடு வீடு திரும்புவது. அதற்கு உதவுவது ஈட்டியைவிட நாக்கு.

இரண்டு ரகமும் நேருக்கு நேர் மோதும் இடம் இலியட்டின் 9-ஆம் படலம். அகமெம்னான் தூது அனுப்புகிறான்: பத்துத் தாலந்து தங்கம், பன்னிரண்டு குதிரை, ஏழு ஊர், பிரிசெயிஸ், தன் மகள் வேறு. கடைசியில் 'அவன் எனக்கு அடங்கட்டும், நான்தான் பெரிய அரசன்' என்றும் சொல்லியனுப்புகிறான். ஒடிசியஸ் பட்டியல் முழுவதையும் அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டு அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிடுகிறான். அக்கிலீஸ் அதைக் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் பதிலின் தொடக்கமே இதுதான்: மனதில் ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசுகிறவனை நரகத்தின் கதவைப்போல வெறுக்கிறேன்.

செத்தப்புறம் அக்கிலீஸே 'இந்தப் புகழ் வேண்டாம், கூலியாளா இருந்தாலே போதும்'னு சொன்னானாமே? அப்போ எல்லாம் வீண்தானே?

ஒடிசி 11-ஆம் படலம். பாதாள உலகில் ஒடிசியஸ் அவனைப் பார்த்து, இங்கேயும் நீதான் ராஜா என்கிறான். செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, சொந்த நிலமில்லாத ஓர் ஏழையிடம் கூலிக்கு உழுதாலும் பூமிக்கு மேலே இருப்பேன் என்கிறான் அக்கிலீஸ். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதோடு நின்றுவிடும்.

அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும். உடனே, என் மகன் எப்படி இருக்கிறான், போரில் முன்னால் நின்றானா என்று கேட்கிறான். நின்றான், பிரமாதமாக நின்றான் என்று ஒடிசியஸ் சொன்னதும் பெரிய எட்டு வைத்து மகிழ்ச்சியோடு நடந்துபோகிறான். தன் பேரம் மோசம் என்று சொன்ன வாயாலேயே மகனும் அதே பேரத்தைச் செய்தானா என்று விசாரிக்கிறான். ஹெக்டரின் வேண்டுதல் ஞாபகம் வருகிறதா?

ஹெக்டர் பிணத்தைத் தேர்ல கட்டி இழுத்ததை எல்லாம் கவிஞர் பெருமையாவா பாடறார்?

இல்லை. அப்போலோ தெய்வ சபையில் எழுந்து, இவனுக்கு இரக்கம் போய்விட்டது, வெட்கம் போய்விட்டது, சிங்கம் மாதிரி ஆகிவிட்டான், உணர்வில்லாத மண்ணை அவமானப்படுத்துகிறான் என்கிறார். பட்ரோக்ளஸின் சிதையில் பன்னிரண்டு டிராய் இளைஞர்களை வெட்டிப் போடும் இடத்திலும் 'தீய செயல்' என்ற சொல் பட்டென்று விழுகிறது.

ஆனாலும் அந்த வெறியில் ஒரு பயங்கரத் தெளிவு இருக்கிறது. 21-ஆம் படலத்தில் லைக்கேயான் என்ற பிரியாமின் மகன் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறான். ஏற்கனவே ஒருமுறை தோட்டத்தில் அத்திக்கொம்பு வெட்டும்போது அக்கிலீஸிடம் மாட்டி, விற்கப்பட்டு, மீண்டு வீடு வந்து பதினொரு நாள்தான் ஆகிறது. அக்கிலீஸ் சொல்கிறான்: நண்பா, நீயும் சாவாய், ஏன் அழுகிறாய்? பட்ரோக்ளஸ் செத்தான், உன்னைவிட எவ்வளவோ மேலானவன். என்னைப் பார், எவ்வளவு அழகு, எவ்வளவு உயரம், எனக்கும் ஒருநாள் வரும், காலையோ மாலையோ நடுப்பகலோ. 'நண்பா' என்ற சொல் அங்கே கிண்டலா உண்மையா என்று எங்கள் கூட்டத்தில் ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. உண்மை என்பது என் கட்சி. ஏனென்றால் அவன் தன்னையும் செத்தவனாகவே எண்ணிவிட்டான்.

கடைசியில எதிரிகூட உட்கார்ந்து சாப்பிடறதோட முடியுது. அதுல என்ன ஹீரோத்தனம்?

இரவில் யாருக்கும் தெரியாமல் பிரியாம் கூடாரத்துக்குள் வந்து, அக்கிலீஸின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தன் பிள்ளைகள் பலரைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிடுகிறார். உன் அப்பாவை நினைத்துப்பார் என்கிறார். கிழவர் ஹெக்டருக்காக அழ, அக்கிலீஸ் ஒருமுறை அப்பாவுக்காகவும் ஒருமுறை பட்ரோக்ளஸுக்காகவும் அழுகிறான். இதில் மன்னிப்பு என்ற சொல் எங்கேயும் இல்லை, யாரும் திருந்தவில்லை, போர் நிற்கவில்லை.

நான் பார்க்கச் சொல்வது அதற்கப்புறம் வரும் சின்ன விஷயம். ஹெக்டரின் உடலைக் கழுவி எண்ணெய் பூசச் சொல்லும் அக்கிலீஸ், அதைக் கிழவர் கண்ணில் படாமல் தனியே கொண்டுபோய்ச் செய்யச் சொல்கிறான். மகனைப் பார்த்தால் பெரியவருக்குக் கோபம் பொங்கும், அதைப் பார்த்து எனக்குக் கோபம் பொங்கினால் அவரைக் கொன்றுவிடுவேன் என்று பயப்படுகிறான். 'மேனிஸ்' என்று தொடங்கிய காவியத்தில் அவன் தன் கோபத்தை முன்கூட்டியே பார்த்து ஒதுங்கி வழிவிடும் இடம் இது. முதல் படலத்தில் இதற்கு அதீனா வந்து அவன் முடியைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது, இப்போது யாரும் இழுக்கவில்லை.

அப்புறம் சாப்பிடுகிறார்கள். ஈமச்சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும் என்று அக்கிலீஸ் கேட்கிறான். ஒன்பது நாள் வீட்டில் அழுவோம், பத்தாம் நாள் தகனம், பதினோராம் நாள் சமாதி மேடு, பன்னிரண்டாம் நாள் சண்டை, கட்டாயம் வேண்டுமென்றால், என்கிறார் பிரியாம். அக்கிலீஸ் சரி என்று சொல்லி, கிழவர் பயப்படாமல் இருக்க அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான். பதினோராம் நாள் மேட்டை எழுப்பி விருந்துண்டு முடிப்பதோடு இலியட் முடிகிறது. பன்னிரண்டாம் நாள் அதில் வரவில்லை.